சேஸ் விரிசலும் கறுப்புப் பெயிண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மாமா, வந்து பாருங்க. வண்டி எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றான். சொல்லுங்க என்றால் பாராட்டுங்க என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எஸ்டேட் பட்டறையிலேயே காலத்தை ஓட்டியவனுக்கு ஜீப்பைக் கண்டால் முதலில் அடியில் படுத்துப் பார்க்கத்தான் தோன்றும். "இந்த வயசுல இது தேவையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காதில் வாங்காமல் சாக்கை விரித்துப் படுத்தேன்.

மேலே பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. சீட் புதுசு. டயர் நாலும் டிராக்டருக்குப் போடுவது போல அகலம். அடியில் சேஸ் முழுவதும் கறுப்புப் பெயிண்ட், தார் ஊற்றியது மாதிரி கெட்டியாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாற்பது வருஷத்து ஜீப்பின் சேஸ் துரு நிறத்தில் இருந்தால் பயமில்லை. புதுப்பெண் மாதிரி இருந்தால்தான் பயம்.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போல்ட் ஓட்டையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பின்னால் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் ஒரு பிளேட், அதன் மேல் இன்னொரு பிளேட், அதன் மேல் மூன்றாவது. சின்னச் சுத்தியலால் தட்டினேன். முன்பக்கம் 'ணங்' என்றது. பின்பக்கம் 'தொக்' என்றது. வைத்தியருக்கு நாடி மாதிரி, எங்களுக்கு அந்தச் சத்தம்.

பையன் முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்த வாரம் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு டாப்ஸ்லிப் போவதாகத் திட்டம் போட்டிருந்தானாம்.

பிறகு மூன்று பேரிடம் காட்டியிருக்கிறான். முதல் பட்டறைக்காரர், "இதுக்கா பயப்படறீங்க? கனமா ஒரு பிளேட் வெச்சு வெல்டிங் அடிச்சா நூறு வருஷத்துக்கு அசையாது" என்றாராம். இரண்டாமவர், "சேஸ் போச்சுன்னா வண்டி போச்சுங்க. எடைக்குப் போட்டுருங்க" என்றாராம். மூன்றாமவர் கொஞ்சம் கெட்டிக்காரர். "திரும்பவும் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், வேற ஆள் தலையில கட்டிருங்க" என்றாராம்.

இந்த மூன்று யோசனையும் தப்பு. மூன்றாவது பாவமும்கூட. நம் ஊரில் பழைய வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆற்றாமை. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். மகிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்தக் குடும்பத்து ஜீப்புகள் எல்லாமே ஏணிச் சட்டத்தின் மேல் கட்டியவைதான். நீளவாக்கில் இரண்டு சட்டம், குறுக்கே படிக்கட்டு மாதிரி சில சட்டங்கள். இஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்பிரிங், ஸ்டியரிங், பாடி எல்லாம் அந்த ஏணியில்தான் தொங்குகின்றன. காரில் பாடியே பாரத்தைத் தாங்கும். ஜீப்பில் பாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சேஸை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். போயிருக்கிறோம்.

இந்த ஏணி விறைப்பாக நிற்பதற்காகச் செய்ததல்ல. ஒரு சக்கரம் பாறை மேலும் எதிர்ச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது, சேஸ் கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து நாலு சக்கரத்தையும் தரையில் வைக்கும். மூங்கில் ஏணி வளைந்து கொடுப்பது போல. முறுக்கி முறுக்கித் திரும்புவதுதான் அதன் பிழைப்பு. அதனால்தான் பழைய சேஸ்களில் பெரும்பாலும் ரிவெட் அடித்திருப்பார்கள்.

அப்படியானால் விரிசல் எங்கே வரும்? வளைந்துகொடுக்கும் பகுதி வளையாத பகுதியைச் சந்திக்கும் இடத்தில் வரும். ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம், ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட் பக்கம், குறுக்குச் சட்டம் சேரும் மூலை, கொக்கி மாட்டி இழுக்கும் பின்பக்கம். ஓட்டை, கூரான மூலை, பழைய வெல்டிங்கின் விளிம்பு இவற்றில் ஒன்றிலிருந்துதான் அது கிளம்பும். ஒரே அடியில் உடையாது. லட்சம் தடவை முறுக்கிய பிறகு முடி மாதிரி ஒரு கோடு தொடங்கும். பிறகு தினம் கொஞ்சம் நகரும்.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1954-ல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில், நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தன. அத்தனை பெரிய விசாரணை நடத்திக் கடைசியில் கண்டுபிடித்தது, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையில் தொடங்கிய சோர்வு விரிசல். ஆகாயத்தில் பறப்பதற்கும் ஆழியாறு ரோட்டில் ஏறுவதற்கும் இரும்பு ஒரே சட்டம்தான் வைத்திருக்கிறது.

இப்போது முதல் பட்டறைக்காரரின் 'கனமான பிளேட்'டுக்கு வருகிறேன். இதைப்பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. பெருமைப்படக்கூடிய தகுதி அல்ல.

1986-ல் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஃபேக்டரி, பட்டறை, வண்டிகள் மூன்றும் என் பொறுப்பு. ஜூன் மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜீப் டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிரைவரண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் வந்து, "சார், ஸ்டியரிங்கைத் திருப்புனா கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் வண்டி திரும்புதுங்க. என்னமோ சரியில்லை" என்றார். பார்த்தால் ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்தில் சேஸ் விரிந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முதலில் விரிசல்தான் திறந்து மூடியது, பிறகுதான் சக்கரம் திரும்பியது.

பெரிய துரைக்கு மறுநாள் காலை ஜீப் வேண்டும். நான் என்ன செய்தேன்? ஸ்கிராப்பில் கிடந்த கனமான இரும்புத் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி, விரிசலின் மேல் வைத்து, நாலு பக்கமும் சுற்றி வெல்டிங் அடிக்கச் சொன்னேன். சேஸைப் போல மூன்று மடங்கு கனம். ராடு பட்டறை மூலையில் மழை ஈரத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்தது. அடியிலிருந்த விரிசலை அப்படியே விட்டு மூடினோம். கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். லாக் புக்கில் 'சேஸ் வெல்டிங் முடிந்தது, வண்டி ஓட்டத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரயில் தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டது என்று பெருமை வேறு.

எட்டு மாதம் ஓடியது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், லயன் வீடுகளுக்கு இறங்கும் வளைவில் ஜீப் திரும்பவில்லை. பிளேட்டின் விளிம்பை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி, சேஸ் நேராக அறுந்திருந்தது. பிளேட் மட்டும் அப்படியே இருந்தது. நூறு வருஷம் அசையாது என்றார்களே, அது அசையவில்லைதான். பக்கத்திலிருந்த சேஸ்தான் போய்விட்டது. வண்டி தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரம் இல்லாவிட்டால் கீழே நூறு அடி. டிரைவரண்ணாவுக்கு வலது தோள் உடைந்தது. அவருடைய கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் தூக்கவே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ரிட்டையர் ஆன அன்று மாலை போட வந்தவர் இடது கையால்தான் போட்டார். அந்த மாலையின் கனம் எனக்கு மட்டும் தெரியும்.

ஏன் அறுந்தது என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்னால் படித்திருக்க வேண்டும். கனமான பிளேட்டை வைத்தால் அந்த இடம் முறுக்குக் கொடுக்காது. அந்த முறுக்கு எங்கே போகும்? பிளேட் முடியும் விளிம்புக்குப் போய் அங்கே குவியும். அந்த விளிம்பில் செங்குத்தாக வெல்டிங் வேறு அடித்திருந்தேன். வெல்டிங் சூட்டில் இரும்பு பலவீனப்படும் கோடும், பாரம் குவியும் கோடும் ஒரே கோடு. கிழிக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை மடித்துக் கொடுப்பது போல. ஈரமான ராடு போதாக்குறைக்கு. ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போகும். வெல்டிங் ஆறிய பிறகு உள்ளுக்குள்ளேயே நுண்ணிய விரிசல் விழ அது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே 'கனமா ஒரு பிளேட்' என்று யாராவது சொன்னால், அவர் விரிசலைச் சரிசெய்யவில்லை, அரை அடி தள்ளி வைக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் இரண்டாமவர் சொன்னது போல எடைக்குப் போட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. அந்தக் காலத்து ஜீப் சேஸ் சாதாரண மென்னிரும்பு. வெல்டிங் ஏற்கும். புதிய லாரிகள் சிலவற்றில் சூடேற்றிப் பதப்படுத்திய உயர்வலு இரும்பில் சேஸ் வரும். அதில் கம்பெனி கையேட்டைக் கேட்காமல் வெல்டிங் மட்டுமல்ல, ஓட்டைகூடப் போடக்கூடாது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய ஜீப்புக்கும் 'சேஸில் வெல்டிங்கே கூடாது' என்று பேசுவது அரைகுறை. நல்ல இரும்பில் விழுந்த ஒற்றை விரிசலை ஒழுங்காகச் சரிசெய்ய முடியும். ஒழுங்காக என்றால் எப்படி? சொல்கிறேன். பட்டறைக்குப் போனால் இதையெல்லாம் செய்கிறாரா என்று நின்று பாருங்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்க வேண்டும். பழைய ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதை வைத்துக்கொண்டு வெல்டிங் அடிப்பவன் ஜீப்போடு தன்னையும் சேர்த்து முடித்துக்கொள்வான்.

பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளி மாதிரி தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பிறகு விரிசல் உண்மையில் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனி அதன் நுனி அல்ல. சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து வெள்ளைப் பொடி தெளிக்கும் ஸ்பிரே மூன்று டப்பாவாகக் கடையில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் திரும்ப ஊறி வந்து கோடு போட்டுக் காட்டும்.

நுனியைத் தாண்டி ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மூன்று, நாலு மில்லிமீட்டர் போதும். ஊசி முனை போன்ற விரிசல் நுனி உருண்டையாகிவிட்டால் அதன் வேகம் அடங்கும். பிறகு கிரைண்டரால் விரிசல் முழுவதையும் 'வி' மாதிரி தோண்டி எடுத்து, அடிவரை இரும்பு நிரம்ப வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பூசி மூடக்கூடாது. ராடு 7018 என்ற ஹைட்ரஜன் குறைந்த வகையாக, ஓவனில் காயவைத்ததாக இருக்க வேண்டும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் ராடு இதற்கு ஆகாது. தண்ணீர் ஊற்றி ஆறவைக்கவே கூடாது. தானாக ஆற வேண்டும். அதன்பின் சமமாகத் தேய்க்க வேண்டும்.

இதற்கு மேல் பிளேட் தேவையென்றால் சேஸின் கனத்துக்கு மிஞ்சாத பிளேட். நுனிகள் வாழை இலை நுனி மாதிரி சாய்ந்து கூர்ந்து போக வேண்டும். சதுரமாக நிற்கக்கூடாது. சட்டத்தின் மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் குறுக்கே கடந்து வெல்டிங் போகக்கூடாது. பாரத்தின் பெரும்பகுதியை அந்த உதடுகள்தான் சுமக்கின்றன. நடுப்பகுதி சும்மா இருக்கும் இடம்.

வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் சேஸ் கோணாமல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பெரிய மெஷின் வேண்டாம். நான்கு இடத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கோயில் தேருக்குச் சட்டம் சேர்க்கும் ஆசாரிகூட இப்படித்தான் பார்ப்பார்.

இவ்வளவும் செய்து முடித்தபின், விரிசல் ஏன் வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதுதான் முக்கியம். பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிவிட்டுக் கனமான டீசல் இஞ்சினைப் போட்டார்களா? அகலமான டயர் போட்டார்களா? அகல டயரைத் திருப்ப ஸ்டியரிங் பாக்ஸ் அதிக விசை போடும், அந்த விசை முழுவதும் சேஸ் மேல்தான் இறங்கும். ஸ்பிரிங் பட்டை செத்துப்போய் ஒவ்வொரு குழியிலும் சேஸ் நேரடியாக அடி வாங்குகிறதா? ரிவெட் தளர்ந்து ஆடுகிறதா? காரணத்தை விட்டுவிட்டு விரிசலை மட்டும் மூடினால், கூரை ஒழுகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான்.

'பழசு என்றாலே ஆபத்து' என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரும்புக்கு வயது தெரியாது. எத்தனை தடவை முறுக்கினாய், எவ்வளவு துரு ஏறியது, இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும். ஷெட்டில் காய்ந்த தரையில் நின்ற ஐம்பது வருஷ சேஸ், உப்புக்காற்றில் நின்ற பத்து வருஷ சேஸைவிட ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் நம் ஊர்க் கணக்கு வருஷக் கணக்குதான். 2022 ஏப்ரலில், பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. அந்தப் பணத்துக்கு ஒருவர் அடியில் படுத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பெயிண்டையும் லைட்டையும் ஹாரனையும் பார்த்துவிட்டு எஃப்.சி. கொடுத்தால், கறுப்புப் பெயிண்ட் அடித்தவன்தானே ஜெயிப்பான்?

இப்போது மறுபக்கம். எப்போது சரிசெய்யவே கூடாது, சேஸை மாற்றியே ஆக வேண்டும்? துரு உள்ளிருந்து தின்றிருந்தால். சுத்தியல் தட்டினால் 'தொக்' என்றால், ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால், வெல்டிங் ஒட்ட அங்கே இரும்பே இல்லை. விபத்தில் சட்டம் மடங்கியிருந்தால். ஒரே இடத்தில் இரண்டாம் முறை விரிந்தால். நாலைந்து இடத்தில் ஒரே சமயம் விரிந்தால், அது சேஸ் முழுவதும் சோர்ந்துபோனதற்கு அடையாளம். அங்கெல்லாம் "எங்கப்பா ஓட்டின வண்டி", "இது ஒரிஜினல் சேஸ், விடமாட்டேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. அப்பாவின் நினைவாக ஸ்டியரிங் வீலை மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் உட்காரும் பிள்ளைக்கு உங்கள் அப்பாவின் நினைவு பாதுகாப்புத் தராது.

என் மருமகன் ஜீப்புக்கு வருகிறேன். முன்பக்கத்து விரிசல் சரிசெய்யக்கூடியது. அங்கே இரும்பு நன்றாக இருந்தது. பின்பக்கத்தில் மூன்று பிளேட்டையும் கிரைண்டரால் கழற்றியபோது, அடியில் சேஸ் இருந்த இடத்தில் துருப்பொடி கொட்டியது. கையளவு நீளத்துக்குச் சட்டமே இல்லை. பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. இந்த வண்டியில்தான் எட்டுப் பிள்ளைகள் டாப்ஸ்லிப் போக இருந்தார்கள். "மாத்தித்தான் ஆகணும் கண்ணு" என்றேன். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி மாற்றுவோம் என்று இறங்கியபோதுதான் அடுத்த கூத்து. ஒரு வண்டியின் அடையாளம் சேஸ் நம்பர். அது சேஸில் குத்தியிருக்கும், ஆர்.சி. புக்கிலும் இருக்கும். சேஸை மாற்றினால் அந்த அடையாளமே மாறுகிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. நியாயம்தான். திருட்டு வண்டிகளைப் பிடிக்க வேறு வழி என்ன? அதனால் முதலில் அனுமதி கேட்டு எழுதிக்கொடு என்று நான்தான் சொன்னேன். எழுதிக்கொடுத்தான். இந்த மேஜையிலிருந்து அந்த மேஜை, அங்கிருந்து திரும்ப இந்த மேஜை. ஐந்தாம் தடவை போய்விட்டு வரும்போது வாசலில் ஒரு புரோக்கர் பிடித்துக்கொண்டாராம். "எதுக்குத் தம்பி அலையறீங்க? பழைய சேஸ்ல நம்பர் இருக்கற துண்டை மட்டும் வெட்டிப் புது சேஸ்ல ஒட்டிரலாம். ஒரே நாள் வேலை."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அது குற்றம். நம்பர் துண்டை ஒட்டிய வண்டிக்கும் திருடிய வண்டிக்கும் போலீஸ் கண்ணில் வித்தியாசம் கிடையாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த சேஸை ஒளித்துவைத்து ஓட்டியவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் வண்டியை விற்றுக் காசு எண்ணிவிட்டார். "என் சேஸ் ஆபத்தானது, மாற்ற அனுமதி கொடுங்கள்" என்று மனு எழுதியவன்தான் மேஜை மேஜையாக நடக்கிறான். நேர்மைக்கு ஐந்து நடை, திருட்டுத்தனத்துக்கு ஒரு நாள் என்று வைத்திருந்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் போவார்கள்? நான் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. பழைய சேஸை ஒப்படை, புது சேஸின் பில்லைக் காட்டு, இன்ஸ்பெக்டர் பார்க்கட்டும், புது நம்பர் ஆர்.சி.யில் ஏறட்டும் என்று ஒரே ஜன்னலில், தேதி போட்டு, முடித்துக்கொடுங்கள் என்கிறேன். அது சலுகை இல்லை. சாலைப் பாதுகாப்பு.

"எல்லாரும் இப்படித்தானே ஓட்டறாங்க, என்ன ஆயிருச்சு?" என்று ஒரு நண்பர் போனில் கேட்டார். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. முப்பத்தொன்பது வளைவில் ஒன்றும் ஆகாதுதான். "செலவு தாங்குமா?" என்றும் கேட்டார். டயருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் தாங்கிய பர்ஸ் சேஸுக்கு மட்டும் ஏன் தாங்காது என்று திருப்பிக் கேட்டேன். டீ ஆறிப்போச்சு என்று வைத்துவிட்டார்.

பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன், உங்களில் ஒருவனாக. வெல்டிங் முடிந்ததும் உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். வண்டிக்காரரைக் கூப்பிட்டு வெறும் இரும்பைக் காட்டுங்கள். விரிசல் இருந்த போட்டோ, தோண்டிய போட்டோ, முடித்த போட்டோ மூன்றையும் கொடுங்கள். என்ன செய்தீர்கள் என்று பில்லில் எழுதுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் கை தானாக ஒழுங்காக வேலை செய்யும். அன்று நானும் கையெழுத்துப் போட்டேன், வெல்டிங்கைத் திரும்பிப் பார்க்காமல். அந்தத் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள், ஒரு சாக்கும் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் கையோடு எடுத்துப் போங்கள். அடியில் படுக்க விற்பவர் விடவில்லை என்றால், பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மருமகன் ஜீப் இப்போது என் வீட்டு ஷெட்டில் நான்கு கட்டை மேல் நிற்கிறது. அனுமதி இன்னும் வரவில்லை. அடுத்த திங்கள் ஆறாம் தடவை போகிறான். இந்த முறை நானும் கூடப் போகிறேன். பிள்ளைகளைப் போன ஞாயிறு பஸ்ஸில் டாப்ஸ்லிப் கூட்டிப்போய்விட்டு வந்தோம். ஜன்னல் சீட்டுக்குத்தான் சண்டை, மற்றபடி எல்லாரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.